உப்புக் காற்றும் நம் இல்லச் சுவர்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் வீட்டுச் சுவரைப் பற்றிய உரை எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். ஆனால், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் விடுமுறைக்கு வீடு திரும்பினால் அவன் நூல்களை அடுக்கி வைக்கும் இடம் சுவரோரம். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் மனைப்பட்டாவும் கிடக்கும் தகரப்பெட்டி இருப்பதும் சுவரோரமே. ஓதம் ஏறிய சுவர் ஒரே மழைக்காலத்தில் இவற்றையெல்லாம் பூஞ்சணம் பூக்கச் செய்துவிடும். ஆதலின் இப்பொருள் கல்விக்குப் புறம்பானதன்று என்பது என் துணிபு.

நம்முடைய வட்டாரம் கடலூர் தொடங்கி நாகப்பட்டினம், வேதாரணியம் வழியாகக் கோடியக்கரை வரை நீளும் கீழைக் கடற்கரை. ஐப்பசி முதல் மார்கழி வரை இங்குப் பெய்யும் மழை நேராக விழுவதில்லை. வாடைக்காற்றால் சாய்ந்து வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் அறைகின்றது. 1977 நவம்பர் 12இல் நாகையைத் தாக்கிய புயலையும், 2011 டிசம்பர் 30இல் கடலூர்ப் பகுதியைச் சிதைத்த தானே புயலையும், 2018 நவம்பர் 16இல் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜாப் புயலையும் நேரில் கண்டவர்கள் இந்த அவையில் உள்ளீர்கள். புயல் கூரையைப் பறிப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றது. புயலே வாராத ஆண்டிலும் நாள்தோறும் வீசும் உப்புக்காற்று சுவரை அரித்துத் தின்பது எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

நம் முன்னோர் எழுப்பியவை மண்சுவர்கள். வெறுங்களிமண் காய்ந்தால் வெடிக்கும். எனவே மணலும் நறுக்கிய வைக்கோலும் கூட்டி, மிதித்துப் புளிக்க வைத்து, நாளுக்கொரு படையாக உயர்த்தினர். சாணமும் செம்மண்ணும் கொண்டு மெழுகினர். மழைக்கு முன்னர், காற்று அறையும் பக்கங்களில் தென்னங்கீற்றுத் தட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டனர். அத்தட்டி சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை விலகி நிற்கும். மேற்கீற்றின் நுனி கீழ்க்கீற்றின்மேல் படிந்திருக்கும். மழைநீர் வழிந்தோடும், பின்னால் காற்று நுழைந்து சுவரை உலர்த்தும். பனி மிகுந்த வட அமெரிக்க நாடுகளில் வீட்டின் புறச்சுவருக்குப் பலகை போர்த்துவோர் மேற்பலகை கீழ்ப்பலகைமேல் படியுமாறு அறைந்து, பின்னே இடைவெளி விடுவதும் இந்த நெறிப்படியே. இதனை அங்கே பொறியியல் என்கின்றனர். இங்கே பாட்டிமார் கைவேலை என்று தள்ளிவிட்டோம்.

பழமையைப் போற்றுவதற்காக இதனைக் கூறவில்லை. கீற்று ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு தாங்கும். அதற்குமேல், கீற்று எரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் தீக்கிரையானதை அறிந்த நமக்கு, எரியாத சுவரும் எரியாத கூரையும் வேண்டும் என்ற ஆசை வெயிலையும் மழையையும் மட்டும் எண்ணி எழுந்ததன்று. 1974இல் தாட்கோ நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கரையோரம் நெடுகத் தொகுப்பு வீடுகள் எழுந்தன. 2016 முதல் பிரதமரின் குடியிருப்புத் திட்டம் நடைபெறுகின்றது. இவ்வாறு கல்லும் சிமெண்டும் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தன. வந்த சுவரை நிலைக்கச் செய்வது எவ்வாறு என்பதே இன்றைய வினா.

முதலில் நோயின் மூலத்தை அறிதல் வேண்டும். பல ஊர்களில் நமக்கு ஒதுக்கப்பட்ட மனை வயலினும் தாழ்ந்த பள்ளம். மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்கும். செங்கல் அந்நீரைத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சி, இரண்டடி மூன்றடி உயரம்வரை ஏற்றுகின்றது. நிலத்தடி நீரோ உவர்நீர். கோடையில் சுவர் உலரும்போது நீர் மட்டுமே ஆவியாகும். உப்பு உள்ளே தங்கிப் படிகமாகிப் பருக்கும். பருக்கும் உப்பு பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகின்றது. சுவர் பொரிந்து மாவாக உதிர்வதன் காரணம் இதுவே. மறு மழையில் அவ்வுப்பு மீண்டும் கரையும். மறு கோடையில் மீண்டும் பருக்கும்.

இவ்வாறு பொரிந்த சுவரைக் கண்டவுடன் நம்மவர் செய்வது யாது? கடைக்குச் சென்று விலையுயர்ந்த பெயிண்ட் வாங்கி வருகின்றனர். அல்லது உதிர்ந்த இடத்தில் மட்டும் கெட்டியான சிமெண்டை அப்புகின்றனர். இரண்டும் வீண் செலவென்பது என் உறுதியான கருத்து. நீர் வெளியேறும் வழியை அடைத்துவிட்டால் அது இன்னும் ஓரடி மேலேறி, அங்கே பொரியச் செய்யும். புண்ணுக்குள் சீழை வைத்து மேலே கட்டுப் போடுவதற்கு ஒப்பாகும் இது.

கையில் உள்ள சிறுதொகையைச் செலவிட வேண்டிய வரிசை வேறு. முதலில் சுவரின் அடி. வீட்டைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்குச் செங்கல் பாவி, வெளிப்புறம் சரியுமாறு சிமெண்டுப் பூசுங்கள். அந்நீர் தெருக்கால்வாயில் சேர வழி வெட்டுங்கள். பாத்திரம் விளக்கும் நீரைச் சுவரடியில் ஊற்றும் வழக்கத்தை விடுங்கள். தெருவை உயர்த்திச் சாலை போடும்போது வீடு பள்ளத்துக்குள் போகாதவாறு ஊராட்சியிடம் முன்னரே முறையிடுங்கள். போட்ட பின்பு முறையிட்டுப் பயனில்லை. அடுத்துச் சுவரின் தலை. மாடித்தளத்து நீர் சுவரில் வழியாமல் குழாய் வழியே தள்ளி விழ வேண்டும். சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, அரை அங்குலக் காடி ஒன்று கீறப்பட்டிருக்க வேண்டும். நீர் அக்காடியைத் தாண்ட இயலாமல் அங்கேயே சொட்டிவிடும். இது கொத்தனாருக்குச் சிறு வேலை. நம் வீடுகள் பலவற்றில் இல்லை.

இவ்விரண்டும் முடிந்த பின்னரே பூச்சு. ஒரு கோலால் சுவரைத் தட்டிப் பாருங்கள். வெறுங்குடம் போல் ஒலிக்கும் இடமெல்லாம் பூச்சு பிடிவிட்ட இடம். ஓதக்கோட்டுக்கு மேலும் ஓரடி வரை அதனைக் கொத்தி எடுத்துவிடுங்கள். செங்கல் இடுக்குச் சாந்தை அரை அங்குலம் சுரண்டுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தென்னை நார்த் தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். நீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பவும் உள்ளே போகும். மாசி பங்குனி வெயிலில் சுவர் நன்கு உலரட்டும். பிறகு சிமெண்டு ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவையால் இரண்டு கைகளாகப் பூசுங்கள். சுண்ணாம்பு சேர்ந்த பூச்சு விறைப்பின்றி இணங்கி நிற்கும். சுவர் மூச்சு விடவும் இடந்தரும். கியூரிங் என்று கொத்தனார்கள் சொல்லும் நீராற்றுதல் ஏழு நாள் குறையலாகாது. வெயில் படும் மேற்குச் சுவருக்கு நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். செட்டிநாட்டில் முட்டை வெண்கரு கலந்து பூசியதைக் கூறி என்னிடம் யோசனை கேட்போர் உண்டு. முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பேன்.

மணலும் நீரும் நல்லவையாக இராவிடில் மேற்கூறிய யாவும் பயனற்றவை. கடலோர மணலை இரவில் ஏற்றி வந்து ஆற்று மணல் என்று விற்பவர் உளர். ஒரு கைப்பிடி மணலை ஒரு குவளை நன்னீரில் இட்டுக் கலக்கி, தெளிந்த நீரை நாவில் வைத்துப் பாருங்கள். கரித்தால் திருப்பி அனுப்புங்கள். கம்பி இடும் கான்கிரீட்டில் இது உயிர்நிலை. இந்தியத் தர அமைவனத்தின் 456ஆம் எண் விதிநூல் (2000), கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கின்றது. கடற்காற்றுக்கு ஆட்பட்ட இடத்தில் கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் 45 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுக்கின்றது. இரும்பு துருவேறினால் பருமனில் பல மடங்கு பெருகும். பெருகிக் கான்கிரீட்டைப் பிளக்கும். நம் தொகுப்பு வீடுகளில் சன்ஷேடுகள் உடைந்து விழுவது இதனால்தான். விரிசலில் துருக்கறை வழியக் கண்டால், மேலே சிமெண்டுப் பாலைத் தடவி மறைக்க வேண்டா. தளர்ந்ததைத் தட்டி நீக்கிக் கம்பியைத் தேய்த்துத் துருவகற்றிய பின்னரே மூடுங்கள். கீழே குழந்தைகள் விளையாடும் இடமாயின் அன்றே தட்டி நீக்கிவிடுங்கள்.

இன்னொன்றை மனவருத்தத்தோடு கூற வேண்டியுள்ளது. நம் ஆடவரில் கொத்தனார்களும், நம் மகளிரில் சித்தாள்களும் எத்தனை பேர்! பிறர் மாளிகையில் நூல் பிடித்து, மட்டப்பலகை வைத்து, பதம் பார்த்துப் பூசும் அக்கைகள் தம் வீட்டுக்கு வரும்போது, ஞாயிற்றுக்கிழமை அரைப்பொழுதில், எங்கோ மிஞ்சிய சிமெண்டில், நீராற்ற ஆளின்றி, வேலையை முடித்துவிடுகின்றன. மூன்று மாதம் கடந்த சிமெண்டு வலுவிழந்தது என்பதை நம் சித்தாள் பெண்களே நன்கறிவர். கூலி இல்லாத வேலை என்பதால் அது தாழ்ந்த வேலையாகிவிடுமா? ஒரு தெருவில் நான்கு கொத்தனார் இருப்பின், பங்குனியில் முறை வைத்து வீட்டுக்கு இரண்டு நாளாகச் செய்து கொள்ளலாம். நீராற்றும் பணியை விடுமுறைப் பிள்ளைகள் செய்வர்.

மண்சுவரில் இன்னும் வாழ்வோர்க்கு ஒரு சொல். தேர்தலுக்கும் திருமணத்துக்கும் வைத்த ஃபிளெக்ஸ் தட்டிகளை எடுத்து வந்து சுவரோடு ஒட்ட ஆணியடிக்கின்றீர்கள். மழை தடைபடும் என்பது மெய். ஆனால் உள்ளே வேர்த்த ஈரம் உலராது, கரையானும் குடியேறும். மூங்கிற்சட்டம் கட்டி நான்கு விரற்கடை விலக்கித் தொங்கவிடுங்கள். தையில் கழற்றிச் சுருட்டி வையுங்கள். தலைவர்களின் திருமுகம் உட்புறம் இருக்கட்டுமா வெளிப்புறம் இருக்கட்டுமா என்பதில் நான் தலையிடேன்.

இறுதியாக, வெள்ளையடித்தல். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கின்றோம். மார்கழிக் கடைசியில்தான் சுவர் மிகுதியும் ஈரமாயிருக்கும். அவ்வீரத்தின்மேல் பெயிண்ட் பூசினால் சித்திரைக்குள் தோலாக உரியும். சுண்ணாம்போ ஈரத்தைப் பொறுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகும். ஆகவே பொங்கலுக்குச் சுண்ணாம்பு, பூச்சு வேலைக்குப் பங்குனி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைப்பின் நன்று. ஒரு வாரம் முன்னரே நீற்றி, நீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கஞ்சியோ வச்சிரப் பசையோ கலந்து கொள்ளுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது. சுவரை நனைத்த பின், முதற்பூச்சை இடவலமாகவும் மறுபூச்சை மேல்கீழாகவும் நீர்க்க அடியுங்கள்.

தட்டிப் பார்க்கும் கோல் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருக்கின்றேன். விருப்பமுள்ளோர் தேநீர் இடைவேளையில் விடுதியின் வடக்குச் சுவரண்டை வருக; பிடிவிட்ட பூச்சின் ஒலி எத்தகையது என்பதைத் தட்டிக் காட்டுகின்றேன்.