நங்கூரம் போட்டுவிட்டுத் தூங்க முடியுமா?

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் செயலாளர், "சார், அந்தமான் போய் வந்தீங்களே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை எல்லாம் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கப் போகிற ஊர்க்காரர்கள் நாம். உங்களுக்கு நங்கூரத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

ஹேவ்லாக்கில், இப்போது சுவராஜ் தீவு என்கிறார்கள், கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாய்மரப் படகு நின்றது. அதிலிருந்து காய்கறி வாங்க இறங்கிய ஆஸ்திரேலியத் தம்பதியிடம் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கும் என் வயதுதான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேருமாகத் தீவு தீவாகப் போகிறார்களாம். "ராத்திரி தூக்கம் வருமா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பார்த்ததும் பழைய லெட்ஜர் ஞாபகம் வந்துவிட்டது. தேதி, நேரம், ஆழம், விட்ட சங்கிலியின் நீளம், கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களின் திசை. கையெழுத்துதான் மோசம்.

நங்கூரம் தன் கனத்தால்தான் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது ஏர்க்கொழு மாதிரி மண்ணில் இறங்கிப் பிடிக்கிறது. தரையோடு இழுத்தால் இன்னும் புதையும், மேலே இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டி நடுவில் பீங்கான் இன்சுலேட்டர் மாட்டுவார்களே, அதைக் கம்பத்தை ஒட்டியா குத்துகிறோம்? தள்ளித்தானே! அதுபோல ஆழத்துக்கு ஐந்து மடங்கு சங்கிலி விடவேண்டும். காற்று பலமானால் ஏழு மடங்கு.

இங்கேதான் கணக்கு சறுக்கும். கடல் வற்றியிருக்கும்போது ஆழம் 4 மீட்டர். ஐந்து மடங்கு என்று 20 மீட்டர் விட்டாயிற்று. அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் அங்கே ஆறு மணி நேரத்தில் கடல் ஏறக்குறைய 2 மீட்டர் ஏறிவிடும். படகின் மூக்கு தண்ணீருக்கு மேலே 1 மீட்டர். மொத்தம் 7. இருபதை ஏழால் வகுத்தால் மூன்றுகூட வரவில்லை! நகைக்கடனில் இன்றைய விலைக்கு முழுசாகக் கொடுக்காமல் மார்ஜின் வைப்பது ஏன் என்று கவுன்டரில் எத்தனை பேர் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அவர்களைப் படகில் ஏற்றியிருக்கவேண்டும்.

இடம் பார்ப்பதும் பெரிய வேலை. வெளிறித் தெரிந்தால் மணல், பழுப்பாகத் தெரிந்தால் பவளப்பாறை. சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதனால் சாயங்காலம் புதுத் தீவுக்குப் போகவே மாட்டார்களாம். பாறை இடுக்கில் சங்கிலி சிக்கினால் எடுப்பது கஷ்டம். பவளமும் நொறுங்கும். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். வரைபடத்தையும் முழுசாக நம்ப முடியாது. 2004 நிலநடுக்கத்தில் வட அந்தமான் பக்கம் தரை மேலே எழும்பியது, தெற்கே இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. பழைய வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம் வேறு, இன்றைய ஆழம் வேறு.

நங்கூரம் விட்டால் என்ன ஆகும்? 2006 ஜனவரியில் அந்தமான் மீனவர் இருவர் வட சென்டினல் தீவுக்குப் பக்கத்தில் ராத்திரி படகை நிறுத்தித் தூங்கினார்கள். வெளியாட்கள் நெருங்கவே சட்டம் அனுமதிக்காத தீவு அது. அவர்களிடம் இருந்தது கயிற்றில் கட்டிய கல். அது பிடிக்கவில்லை. தூக்கத்திலேயே படகு கரையை நோக்கி மிதந்துபோனது. தீவுக்காரர்கள் இருவரையும் கொன்றுவிட்டார்கள். உடல்களை எடுக்கப் போன ஹெலிகாப்டரையும் அம்பு விட்டுத் துரத்தினார்கள். அந்தத் தீவுக்காரர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெளியிலிருந்து வந்தவர்களால் அவர்கள் பட்டது அப்படி. ஆனால் ஒரு கல் சரியாகப் பிடித்திருந்தால் அந்த இரண்டு பேரும் காலையில் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இதை அவரிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் மனைவிதான் பேசினார். நங்கூரம் போட்டபின் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி, அது பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார்களாம். பிறகு கரையில் ஒரு தென்னையையும் பின்னால் ஒரு மேட்டையும் ஒரே நேர்கோட்டில் குறித்துவைத்து, அவை விலகுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி இரண்டு முறை அலாரம் வைத்து எழுவார்கள். "அவர் எழுந்திருப்பார் என்று நானும், நான் எழுந்திருப்பேன் என்று அவரும் ஒருநாள் தூங்கிவிட்டோம்" என்றார். அப்புறம் என்ன ஆனது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை நானும் வீட்டம்மாவும் கரைக்குப் போனபோது படகைக் காணோம். எனக்குப் பகீரென்றது. டீக்கடைத் தம்பி நம்ம சிவகங்கைப் பக்கம். பால் ஆற்றிக்கொண்டே சொன்னார்: "காத்து திரும்பிடுச்சுங்கய்யா. விடிஞ்சதுமே நங்கூரத்தத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க."

சுண்டல் தயாராக இருக்கிறதாம்.