அவைக்கு ஆகாத சொல்



திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே, கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே, ஆதிகோணநாயகர் எழுந்தருளியிருக்கும் பழம்பதி தம்பலகாமம். அவ்வூரில் என் இளமைக் காலத்திற் கண்ட ஒரு காட்சியோடு இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன்.

அறுவடை முடிந்த காலம். களரியிற் கூத்து நடைபெற்றுக்கொண்டிருந்தது. நள்ளிரவு கடந்தபின் வந்த பகிடிகாரன் கொச்சையான வேடிக்கைகள் பலவற்றை அவிழ்த்துவிட்டான். முதியோர் முகஞ் சுளித்தனர். இளைஞர் விழுந்து விழுந்து சிரித்தனர். அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. அச்சிரிப்பினால் ஊக்கம் பெற்ற அவன், ஊரிலே கணவனை இழந்து வாழ்ந்த ஒரு பெண்ணைச் சுட்டுவதுபோல ஒரு சொல்லைச் சொல்லிவிட்டான். உடனே மத்தளம் நின்றது. “தம்பி, அந்தக் கதையை விடு, அந்தப் பிள்ளையும் இங்கதான் இருக்கு” என்றார் அண்ணாவியார். பகிடிகாரன் தலை குனிந்தான். பின்னர் மத்தளம் மீண்டும் முழங்கிற்று. விடியும்வரை கூத்து நடந்தது.

தணிக்கை என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவே நினைவுக்கு வருகின்றது. அண்ணாவியார் கொச்சைக்காகக் கூத்தை நிறுத்தவில்லை; ஒருத்திக்கு நேர்ந்த ஊறுக்காகவே நிறுத்தினார். நிறுத்தியவர் யார் என்பதை எல்லோரும் கண்டார்கள். ஏன் நிறுத்தினார் என்பதையும் கேட்டார்கள். ஒரு சொல் நின்றதேயன்றிக் கூத்து நிற்கவில்லை.

நம் முன்னோர் இப்பொருளைப் பற்றிச் சிந்தியாதவர் அல்லர். அவையிலே சொல்லத் தகாத சொல்லைத் தொல்காப்பியர் ‘அவையல் கிளவி’ என்று வழங்குகின்றார். பின்வந்த இலக்கணிகள் அதனை மறைத்துக் கூறும் முறைக்கு ‘இடக்கரடக்கல்’ என்று பெயரிட்டனர். இப்பெயர்களில் ஒரு நுட்பம் உண்டு. சொல்லின் குற்றம் அதனைக் கேட்கும் அவையை நோக்கியே அளக்கப்படுகின்றது. மருத்துவர் நோயாளியிடம் கூறுவதைத் திருமணப் பந்தலிற் கூறலாகாது. ஆதலின், ஒரு நூலையோ படத்தையோ ஆபாசம் என்று விலக்குமுன், அது எந்த அவைக்கு உரியது என்று கேட்பதே முறை.

வானொலி ஒரு தனி அவை. பாட்டனாரும் பேத்தியும் ஒரே கூடத்தில், ஒரே வேளையில், ஒரே குரலைக் கேட்கின்றார்கள். அடுத்து வருஞ் சொல் யாதென்று அவர்கள் முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே வானொலியிற் பேசுவோர் தம் நாவைத் தாமே காத்துக்கொள்வது கடமை. நூலின் அவையோ வேறு. அதனை விரும்பித் திறப்பவன் ஒருவன். விரும்பாவிடின் மூடி வைப்பவனும் அவனே.

சட்டம் இவ்வேறுபாட்டை எப்பொழுதும் உணர்ந்ததில்லை. இலங்கையில் பொது அரங்க நிகழ்ச்சிகள் பற்றிய கட்டளைச்சட்டம் 1912 ஆம் ஆண்டிலும், ஆபாச வெளியீடுகள் பற்றிய கட்டளைச்சட்டம் 1927 ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டன. பிந்திய சட்டத்தில் ‘ஆபாசம்’ யாது என்பதற்கு வரைவிலக்கணமே இல்லை. 1868 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹிக்ளின் வழக்கில் தோன்றிய அளவுகோலே நெடுங்காலம் பல நாடுகளில் ஆட்சி செலுத்திற்று. தீய செல்வாக்குக்கு எளிதில் ஆட்படும் மனத்தைக் கெடுக்கும் இயல்பு ஒரு நூலுக்கு உண்டா என்பதே அவ்வளவுகோல். மனவலிமை குன்றிய ஒருவரை எண்ணி, வளர்ந்தோர் அனைவரின் கையிலிருந்தும் நூலைப் பறிக்க அஃது இடமளித்தது.

கடலுக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை விளக்கும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையை அணிசெய்த முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவர், ‘ராதிகா சாந்த்வனம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை 18 ஆம் நூற்றாண்டில் இயற்றினார். திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் சமாதிக்குத் திருப்பணி செய்த பெங்களூர் நாகரத்தினம்மாள், அதனை 1910 இல் முழுமையாகப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே ஆபாசம் என்று குற்றஞ்சாட்டி அரசினர் அதனைத் தடை செய்தனர். இன்பச்சுவையைப் பாடிய ஆடவர் காவியங்கள் எத்தனையோ இருக்க, ஒரு பெண் பாடிய நூலுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை என்று அவ்வம்மையார் வாதாடினார். தடை நீங்கியது 1947 இல். ஒரு காவியம் 36 ஆண்டுகள் விலங்கிடப்பட்டிருந்தது. அதனால் ஊறு பெற்றவர் இன்னார் என்று சுட்ட ஒருவரும் இலர்.

ஒழுக்கத்தைக் காக்கும் பொருட்டுக் கொடுக்கப்படும் கத்தரிக்கோல் ஒழுக்கத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. பிரசன்ன விதானகே இயக்கிய ‘புரஹந்த களுவர’ என்னும் சிங்களத் திரைப்படம், போரிலே மகனைப் பறிகொடுத்த பார்வையற்ற தந்தை ஒருவரின் துயரைக் கூறுவது. 2000 ஆம் ஆண்டில், போர்ச் சூழலைக் காரணங் காட்டி, அமைச்சரின் பணிப்பினால் அதன் திரையிடல் நிறுத்தப்பட்டது. 2001 இல் உயர் நீதிமன்றமே அதற்கு வழி திறந்துவிட்டது. மன்னாரைச் சேர்ந்த தமிழ்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுப்பை வெளியிட்டவர். தீவிரவாதக் குற்றச்சாட்டின்பேரில் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதான அவர், 2021 டிசம்பரிலேயே பிணையில் வெளிவந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தீர்ப்பு நீதியாயிற்று, எனினும் சிறையிற் கழிந்த ஏறத்தாழ 19 மாதங்களை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது.

இவற்றைக் கூறுவதால், எதனையும் எவரும் கட்டுப்படுத்தலாகாது என்பது என் கருத்தன்று. இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு நம் ஊர்களில் அரிது. ஓர் இளம்பெண்ணின் படத்தை அவளறியாமற் பரப்பிவிட்டால், அஃது ஒரு நாழிகைக்குள் ஊரெங்கும் சென்றுவிடும். அவள் பள்ளிக்குச் செல்ல அஞ்சுவாள். தாய் கோயிலுக்குச் செல்லக் கூசுவாள். குழந்தைகளை இழிசெயலுக்கு உட்படுத்தி எடுக்கப்படும் படமோ, ஒரு கொடுங்குற்றத்தின் எச்சமேயாகும். இங்கே ஊறுபட்டவர் கற்பனை வாசகர் அல்லர். பெயரும் முகமும் உடைய ஒருவர். 1995 ஆம் ஆண்டில் நம் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குழந்தைகளை ஆபாசப் படங்களுக்குப் பயன்படுத்துவது தனிக் குற்றமாக்கப்பட்டமை முற்றிலும் நேரியதே.

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். குழந்தைகளையும், அந்தரங்கம் அம்பலமாக்கப்பட்டோரையும் காக்க முற்படும் பகுதிகள் அதில் உண்டு, அவை வேண்டற்பாலன. ஆனால் ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழு, ஒரு கூற்றுப் பொய்யானது, தீங்கானது என்று முடிவு கட்டி அதனை விலக்கப் பணிக்கும் அதிகாரமும் அதே சட்டத்தினுள் வைக்கப்பட்டது. பெண்ணின் மானத்தைக் காக்கும் வேலியையும், ஆள்வோரைக் குறைகூறும் வாயை அடைக்கும் பூட்டையும் ஒரே தச்சன் ஒரே மரத்திற் செய்தால், எது எதற்குப் பயன்படும் என்று யார் உறுதி கூற வல்லார்?

ஆகையால் நேயர்களே, ஒன்றைத் தடை செய்க என்ற குரல் எழும்போது மூன்று வினாக்களைக் கேட்போமாக. ஊறுபட்டவர் யார்? தடுப்பவர் தம் முகத்தையும் காரணத்தையும் வெளிக்காட்டுகின்றாரா? அவர் பிழை செய்தால், காலந் தாழ்த்தாது திருத்த வழி உண்டா?

தம்பலகாமத்துக் களரியில் இம்மூன்றுக்கும் விடை இருந்தது. மறுநாட் காலையில் அந்தப் பகிடிகாரன் அப்பெண்ணின் வீட்டு வாசலுக்குச் சென்று பிழை பொறுக்குமாறு கேட்டான் என்று பின்னர் அறிந்தேன். அடுத்த ஆண்டும் அவனே பகிடிகாரனாகக் களரிக்கு வந்தான். அப்பெண்ணும் முன்வரிசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.