பெருச்சாளிக்கு யார் முதலாளி?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன். ‘சமூகப் பிரச்சினைகளைத் தீர்க்கும் இளம் தொழில்முனைவோர்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கீங்க. சரி. நான் கவிதை எழுதுகிறவன் என்றாலும் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். எனவே இன்று கணக்குப் பேசுகிறேன். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம்.

இன்றைக்கு எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒரு வாசகம் காதில் விழுகிறது. ‘வேலை தேடாதே, வேலை கொடு.’ உலகத்தின் வறுமை, குடிநீர், கழிப்பறை எல்லாவற்றையும் புதுக் கம்பெனி ஆரம்பித்துத் தீர்த்துவிடலாம் என்பதாக ஒரு சொல்லாடல் கட்டமைக்கப்படுகிறது. இதை முழுசாகப் பொய் என்று ஒதுக்கவும் நான் வரவில்லை, முழுசாக மெய் என்று வாங்கிக்கொள்ளவும் வரவில்லை. நம்ம உயிர் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதன் அடிவரைக்கும் இறங்கிப் பார்ப்போம். பாதாளச் சாக்கடை.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் விஷவாயுவில் மூச்சடைத்துப் போனார்கள். இரண்டு பேரும் ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். காப்பாற்ற இறங்கிய உள்ளூர் ஆட்டோ ஓட்டுநரும் செத்துப்போனார். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியிலேயே தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. அதனால்தான் ஒருத்தரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் அங்கேயே விழுகிறார்.

அந்தச் சமயத்தில் மலப்புரம் மாவட்டம் குற்றிப்புரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சில மாணவர்கள் ரோபோக்களைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிப்பு முடிந்து அவர்களில் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஜென்ரோபோட்டிக்ஸ் என்கிற கம்பெனி. கேரள அரசும் அதன் ஸ்டார்ட்அப் அமைப்பும் கை கொடுத்தன. 2018-இல் திருவனந்தபுரத்தில் அவர்களுடைய எந்திரம் சாக்கடைக்குள் இறங்கியது. பெயர் பாண்டிகூட். நம்ம ஊர்ப் பெருச்சாளிதான்.

அது என்ன செய்கிறது? சாதாரண ஜெட்டிங் எந்திரம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும், அவ்வளவுதான். அடியில் படிந்த மண்ணை, கல்லை, துணியை யாராவது அள்ளித்தான் மேலே கொண்டுவரணும். அந்த ‘யாராவது’ யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருச்சாளி கால்களை விரித்துக் குழிக்குள் நிற்கிறது. கையால் அள்ளி வாளியில் போட்டு மேலே அனுப்புகிறது. கேமரா இருக்கிறது, விஷவாயுவை அறியும் கருவி இருக்கிறது. மேலே ஒரு ஆள் திரையைப் பார்த்து இயக்குகிறார். முன்பு குழிக்குள் இறங்கியவர்களே பயிற்சி பெற்று அதை இயக்கியிருக்கிறார்கள். இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு மனுசன் கீழே இறங்காமல் மேலே நிற்கிறான் என்றால் அது பெரிய விஷயம்.

பாண்டிகூட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் தெலுங்கில் இருக்கிறது. பந்திகொக்கு, அதாவது பன்றியெலி. ஆந்திரத்து மனிதர்கள் செத்த குழிக்குள் இன்றைக்குத் தெலுங்குப் பெயரோடு ஒரு எந்திரம் இறங்குகிறது. கவிஞன் என்கிற முறையில் இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

முதல் கேள்வி. இந்த எந்திரம் ஏன் 2018 வரைக்கும் வரவில்லை? அறிவு இல்லையா? 2013-இல் செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய நாடு இது. பத்தடி ஆழத்தில் மண் அள்ளுகிற எந்திரம் செய்ய இந்த நாட்டுக்கு மூளை இல்லாமல் போகவில்லை. தேவை எழவில்லை, அதுதான் விஷயம். நகராட்சிக் கணக்கில் ஒரு பக்கம் எந்திரத்தின் விலை, இன்னொரு பக்கம் மனுசனின் விலை. மனுசனின் விலை எவ்வளவு? காண்ட்ராக்டர் கொடுக்கிற அன்றைய கூலி, கூடவே நாற்றம் மறக்கக் கொஞ்சம் சாராயம். இவ்வளவு மலிவாக ஆள் கிடைக்கும்போது எவன் எந்திரம் வாங்குவான்? அந்த மலிவைத் தந்தது சந்தை அல்ல, சாதி. இந்த நாட்டின் நகரங்களுக்கெல்லாம் சாதி கொடுத்துவரும் மானியம் அது. எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படாத மானியம்.

அப்புறம் யார் மனுசனின் விலையை ஏற்றினார்கள்? தோழர்களே, இதுதான் நான் சொல்ல வந்ததே. தொழில்முனைவோர் ஏற்றவில்லை. போராட்டம் ஏற்றியது. 1993-இல் சட்டம் வந்தது, ஏட்டிலேயே கிடந்தது. பெஜவாடா வில்சன் முதலானோரின் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் ஊர் ஊராக உலர் கழிப்பிடங்களை இடித்தது, கணக்கெடுத்தது, 2003-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2013-இல் புதுச் சட்டம் வந்தது; அது நடைமுறைக்கு வந்த நாள் டிசம்பர் 6, பாபாசாகேபின் நினைவு நாள். 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. 1993 முதல் சாக்கடையில் செத்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது.

உயிருக்கு விலை போடுவது அருவருப்பான காரியம்தான். ஆனால் கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்குத் தெரிவது இது: செத்தால் காசில்லை என்றிருந்த இடத்தில் செத்தால் 10 லட்சம், 30 லட்சம், மேலே வழக்கு, ஜெயில் என்று வந்தபோதுதான் அதிகாரி எந்திரத்தின் விலையை விசாரிக்க ஆரம்பித்தான். அந்த நான்கு இளைஞர்கள் விற்பதற்கு ஒரு சந்தை இருந்தது என்றால், அந்தச் சந்தையை வீதியில் நின்று உண்டாக்கியவர்கள் இந்த மக்கள். பாராட்டு மேடையில் ஒருத்தரும் இதைச் சொல்வதில்லை. ‘இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள், பிரச்சினை தீர்ந்தது’ என்று கதை முடிந்துவிடுகிறது. தலித் அந்தக் கதையில் காப்பாற்றப்படுகிறவனாக மட்டுமே நிற்கிறான்.

பிரச்சினை தீர்ந்ததா? 2019-லிருந்து 2023 வரைக்கும் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 377 பேர் செத்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. எந்திரம் வந்த பிறகான கணக்கு இது. அதே அரசு 2021-இல் ‘கையால் மலம் அள்ளி யாரும் சாகவில்லை’ என்றும் சொன்னது. எப்படி? இது ‘மலம் அள்ளுதல்’ இல்லையாம், ‘அபாயகரமான முறையில் சுத்தம் செய்தல்’ஆம். சொல்லை மாத்தினா சாவு மறைஞ்சிடுது. 2024-இல் வெளிவந்த விவரப்படி, கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அந்த எண்ணிக்கையை எந்த எந்திரத்தாலும் அள்ள முடியாது.

இரண்டாவது கேள்வி. எந்திரத்தை யார் வாங்குவது? எந்த வீட்டுக்காரனும் சாக்கடை ரோபோ வாங்கப் போவதில்லை. மாநகராட்சி வாங்கணும், குடிநீர் வாரியம் வாங்கணும். அதாவது அரசு. சந்தை, சந்தை என்று சொல்கிறார்களே, அந்தச் சந்தைக்குள் போய்ப் பார்த்தால் நிற்பது பொதுப்பணம்தான். காசுள்ள மாநகராட்சி வாங்கும். பேரூராட்சி என்ன செய்யும்? ஓட்டல், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் செப்டிக் டேங்க்? அங்கே இன்னமும் போன் பண்ணினால் ஆள் வருகிறான்.

இது நம்ம நாட்டுக்கு மட்டுமான சங்கதி இல்லை. பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் கழிப்பறை வசதி இல்லாதவர்கள் 2022-இல் உலகத்தில் சுமார் 350 கோடி பேர். கென்யாவின் நைரோபியில் குடிசைப் பகுதிகளில் இரவோடு இரவாக மலக்குழியை அள்ளுகிறவர்களுக்குச் சுவாஹிலியில் ‘தவளைகள்’ என்று பெயர். அங்கே முக்குரு குடிசைப் பகுதியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் சானர்ஜி என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 2011-இல் தங்கள் பல்கலைக்கழகத்தின் தொழில் திட்டப் போட்டியில் பரிசும் வாங்கினார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கழிப்பறையை விற்பது, அவர்கள் கட்டணம் வாங்கி நடத்துவது, சேரும் மலத்தை மூடிய கலனில் எடுத்துப்போய் உரமும் தீவனமும் ஆக்குவது என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் ஏழைகள் கொடுக்கிற சில்லறையில் கழிப்பறைச் சேவையின் செலவு அடங்காது என்று அனுபவம் காட்டியது. பின்னால் கழிப்பறை தனி, உரத்தொழில் தனி என்று அது இரண்டாகப் பிரிந்தது. கழிப்பறைச் சேவைக்கு நகர நிர்வாகம் பணம் தர வேண்டும் என்பது அவர்களே வந்து சேர்ந்த இடம். சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறோம் பாருங்கள். குடிமக்களின் மலத்துக்கு அரசாங்கம்தான் பொறுப்பு.

மூன்றாவது கேள்வி. எந்திரம் யாருக்குச் சொந்தம்? 2022-இல் ஜென்ரோபோட்டிக்ஸில் ஸோகோ நிறுவனம் 20 கோடி முதலீடு போட்டது. முதல் போட்டவனுக்கு லாபத்தில் பங்கு. குழியில் இறங்கியவனுக்கு, நல்லா நடந்தால், இயக்குகிற வேலை. அதுவும் நிரந்தர வேலையா, காண்ட்ராக்டா?

வேறு ஒரு வழியும் நடந்திருக்கிறது. 2017-இல் ஹைதராபாத் குடிநீர் வாரியம், பெரிய லாரி நுழையாத சந்துகளுக்காக 70 சின்ன ஜெட்டிங் எந்திரங்களை இறக்கியது. 2005-இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் இந்தியத் தொழில் வர்த்தகச் சபை, டிக்கி, கூட நின்றது. 2019 பிப்ரவரியில் தில்லியில் 200 எந்திரங்கள். சாக்கடையில் செத்தவர்களின் குடும்பங்களுக்கும் தொழிலாளர்களுக்கும் முன்னுரிமை, வங்கிக் கடன், குடிநீர் வாரியத்தின் வேலை ஒப்பந்தம். 2024-இல் சென்னைக் குடிநீர் வாரியமும் தூய்மைப் பணியாளர்களையே எந்திரத்துக்கு உரிமையாளராக்கும் திட்டத்துக்கு வந்தது.

இங்கே என் கவுண்டரின் அனுபவத்தைச் சொல்லணும். வங்கி எப்போது கடன் கொடுக்கும்? மனசு இரங்கியா? இல்லை. கையில் வேலை ஒப்பந்தம் இருந்தால் மேலாளரின் பேச்சே வேற மாதிரி இருக்கும். அது இல்லாமல் நம்ம பையன் ஒருத்தன் திட்டத்தோடு வந்தால் முதல் கேள்வி, ‘அடமானத்துக்கு என்ன இருக்கு?’ 2016-இல் ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது. ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரவேண்டும் என்றது. அரசு உத்தரவாத நிதியும் வைத்தது. இருந்தும் கவுண்டரில் அதே கேள்வி. அவன் காலனி வீட்டுப் பத்திரத்தைக் காட்டுவான். மதிப்பீட்டாளர் போய்ப் பார்த்துவிட்டு மதிப்பே இல்லைன்னு எழுதுவார். ஏன்? கடன் வாராமல் போனால் ஏலம் விடணும். சேரியில் இருக்கிற வீட்டை ஊர்க்காரன் எவன் ஏலம் எடுப்பான்? செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாம் ஊர்வீட்டில் இருக்கிற அதே செங்கல், சிமெண்ட், கம்பி. விலையைக் குறைப்பது தெரு. சந்தைக்குச் சாதி தெரியாது என்று சொல்கிறவர்களை ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிவந்த அம்பேத்கரே பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் நடத்திப் பார்த்தவர்தான். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். ஆலோசனையில் தீட்டு ஒட்டிக்கொள்ளுமாம்.

‘அப்போ சாதித்தொழிலை எந்திரமாக்கி மறுபடியும் நம்ம பெயருக்கே பட்டா போட்டுக் கொடுக்கிறதா?’ என்று ஒரு தோழர் இங்கே வரும் வழியில் கேட்டார். நியாயமான கேள்வி. உயிர் போகாமல் இருப்பதும் கூலிக்காரன் உரிமையாளன் ஆவதும் சின்ன விஷயங்கள் அல்ல. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் சாக்கடை ஒப்பந்தம் மட்டும் நமக்கு, சாலை ஒப்பந்தமும் கட்டட ஒப்பந்தமும் கணினி ஒப்பந்தமும் அவர்களுக்கு என்றால் அது புது வருணாசிரமம். ஒன்றிய அரசின் 2012 கொள்முதல் கொள்கை, பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்கிறது. அதை எட்டாமலே வருடங்கள் ஓடின. எட்டவில்லை என்று எவனுக்கும் தண்டனை இல்லை. மரணத்துக்கு விலை ஏறியதும் எந்திரம் வந்தது போல, இந்த 4-ஐ எட்டாததற்கும் ஒரு விலை வைக்க வேண்டியிருக்கிறது. அதைக் கம்பெனிகள் செய்யாது. இயக்கம்தான் செய்யணும்.

மாணவர்களே, தொழில் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யுங்கள். உங்களில் நான்கு பேர் இதைவிட நல்ல எந்திரம் செய்தால் முதலில் சந்தோஷப்படுபவன் நான். ஆனால் ‘தீர்வு’ என்று எதைக் காட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். காசு யாருடையது? எந்திரம் யாருக்குச் சொந்தம்? எந்திரம் வந்த பிறகு அந்த மனுசன் எங்கே போனான்?

கடைசியாக ஒரு வேலை. உங்கள் ஊர் நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். சாக்கடை எந்திரம் எத்தனை, எத்தனை ஓடுகிறது, எத்தனை ஷெட்டில் துருப்பிடித்துக் கிடக்கிறது, ஒப்பந்தம் யார் பெயரில், இயக்குகிறவருக்கு மாதச் சம்பளமா அன்றாடக் கூலியா, கடைசியாக மனிதன் குழிக்குள் இறங்கியது எந்தத் தேதி. பதில் 30 நாளில் வரணும். வந்ததும் எல்லோருடைய பதிலையும் சேர்த்துவைத்து இன்னொரு கூட்டம் போடுவோம். அந்தக் கூட்டத்தில் நான் பேசமாட்டேன். எந்திரத்தை இயக்குகிறவரைப் பேசக் கூப்பிடுங்கள்.

ஜெய்பீம்.