மனு ரசீது போதாது, எப்.ஐ.ஆர். போடு!

(மீஞ்சூர், பொன்னேரி வட்டாரக் கிராமக் கிளைக் கூட்டங்களில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. கிளைகளில் படித்துக் காட்டுவதற்காக அச்சிடப்படுகிறது.)



பேச்சை வளர்க்காமல் விஷயத்துக்கு வந்துடறேன். ஒரு காலத்தில் விடியற்காலையில் கழனிக்குப் போனால் மடை சரியா இருக்கா, பயிரில் பூச்சி விழுந்திருக்கா என்று பார்ப்போம். இன்றைக்கு முதலில் மோட்டார் இருக்கிறதா என்று பார்க்கிறோம். கொட்டகைப் பூட்டு உடையாமல் இருந்தால் அன்றைக்கு நல்ல பொழுது.

மோனோபிளாக் மோட்டார் போகிறது. ஸ்டார்ட்டர் போகிறது. ப்யூஸ் கட்டையைக்கூட விடுவதில்லை. போரில் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டாரைத் தூக்க முடியாதவன் மேலே இருக்கிற கேபிளை அறுத்துக்கொண்டு போகிறான். ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ வைத்து மேல்தோலைக் கொளுத்தி, உள்ளே இருக்கிற காப்பரை மட்டும் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

அதை விற்றால் அவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம். நமக்கு நட்டம் எவ்வளவு? புதுசா 5 எச்.பி. மோட்டார் வாங்க 25,000, 30,000 ரூபாய் வேண்டும். கேபிள் தனி, ஸ்டார்ட்டர் தனி, பைப்பை ஏற்றி இறக்குகிற கூலி தனி. நவரைப் பட்டத்தில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பத்து நாள் தண்ணீர் நின்றால் பதர்தான் மிஞ்சும். பயிர் பதராய்ப் போச்சு என்று கூட்டுறவு சங்கத்தில் கடனைத் தள்ளுவார்களா? குத்தகைக்குப் பயிர் வைப்பவர் நெல் அளக்காமல் இருக்க முடியுமா? வீட்டுப் பெண்களின் காதில் கழுத்தில் இருப்பதுதான் அடகுக் கடைக்குப் போகிறது.

நம்ம பகுதியில் ஏன் இப்படி?

நம் நிலம் ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நடுவில் இருக்கிற நிலம். சுற்றிலும் பாருங்கள். 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. 1990-களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001-இல் எண்ணூர் துறைமுகம், அதற்குப் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். 1960-களிலிருந்து பட்டணத்துக்கு இங்கே நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். அதனால் கடல்நீர் உள்ளே ஏறிப் பல கிணறு உப்பாப் போச்சு. மிச்சம் இருக்கிற நல்ல தண்ணீர் போர்தான் நமக்கு உயிர். அந்த உயிரில்தான் திருடன் கை வைக்கிறான்.

ராத்திரி முழுக்க கண்டெய்னர் லாரியும் மினி வேனும் ஓடுகிற ரோடு இது. எந்த வண்டியில் எது போகிறது என்று யாருக்குத் தெரியும்? திருவொற்றியூர், மணலி, ராயபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய இரும்பு வாங்குகிற காயலான் கடை இருக்கிறது. அந்தத் தொழிலில் நாணயமாய்ப் பிழைக்கிற ஏழைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் கள்ளர் என்று சொன்னால் அது பாவம். ஆனால் தொழிற்சாலைக் கழிவுக் காப்பர் டன் கணக்கில் வந்து குவிகிற இடத்தில், நம் மோட்டாரை உடைத்து எடுத்த நாலு கிலோ காப்பரைக் கலந்துவிடுவது சுலபம்.

விலையும் ஒரு காரணம். 2003-இல் உலகச் சந்தையில் ஒரு டன் செம்பு 1,800 டாலர் அளவில் இருந்தது. 2006-இல் அது 8,000 டாலரைத் தாண்டியது. 2011-லும் 2021-லும் 10,000 டாலரையும் தாண்டியது. நெல்லுக்கு இப்படி ஒரு விலை ஏற்றத்தை நாம் எந்தக் காலத்திலாவது பார்த்திருக்கிறோமா?

எழுதாத திருட்டு நடக்காத திருட்டு

நம் சங்க உறுப்பினர் ஒருவர் மோட்டார் போன அன்று காலையிலேயே காவல் நிலையம் போனார். "இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாள் போனால் "பில் இருக்கா?" என்றார்கள். பில்லோடு போனால் "சம்பவ இடம் எங்க எல்லையில் வராது" என்றார்கள். நாலாவது நாள் ஒரு மனு ரசீது கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கழனிப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

மனு ரசீது என்றால் என்ன? சி.எஸ்.ஆர். என்று சொல்வார்கள். உங்கள் மனு வந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அது வழக்கு ஆகாது. எப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் வழக்கு. அப்போதுதான் அதற்கு ஒரு எண் உண்டு, விசாரணை அதிகாரி உண்டு, கோர்ட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டு.

ஏட்டையாவுக்கும் கஷ்டம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆள் பற்றாக்குறை, அமைச்சர் வந்தால் பந்தோபஸ்து, திருவிழா என்றால் பந்தோபஸ்து. ஆனால் ஒன்று யோசியுங்கள். பத்து ஊரில் பத்து மோட்டார் போய், பத்தும் மனு ரசீதோடு நின்றால், வருஷக் கடைசியில் மேலதிகாரிக்குப் போகிற கணக்கில் நம் பகுதியில் மோட்டார் திருட்டே கிடையாது. திருட்டு இல்லாத ஊருக்கு ராத்திரி ரோந்து எதற்கு, தனிப்படை எதற்கு? நம் நட்டம் காகிதத்தில் ஏறாததால் திருடனுக்குப் பயம் விட்டுப் போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

2013 நவம்பர் 12-ஆம் தேதி லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். போலீஸ் நேரடியாக வழக்கு எடுக்கக்கூடிய குற்றம் நடந்தது என்று தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்பதுதான் தீர்ப்பு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. எண்கள் மாறிவிட்டன. அதனால் எல்லோரும் காது கொடுத்துக் கேளுங்கள். இளைஞர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. எந்தக் காவல் நிலையத்தில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சென்னை மாநகரக் காவல், 2022-இல் வந்த ஆவடி மாநகரக் காவல், திருவள்ளூர் மாவட்டக் காவல் என்று மூன்று நிர்வாகம் நம்மைச் சுற்றி இருக்கிறது. "எங்க எல்லை இல்லை" என்று நம்மைப் பந்து மாதிரி உதைக்க முடியாது. எழுதி வாங்கி, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. செல்போன் வழியாகவோ கம்ப்யூட்டர் வழியாகவோ புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு. எப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். கேட்டு வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

மூன்று. இதுதான் முக்கியம். புதுச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் கீழ் மதிப்புள்ள சாதாரணத் திருட்டை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம் என்று வைத்துவிட்டார்கள். "ஒயர் கொஞ்சம் போச்சுங்க" என்று நாம் அசால்ட்டாகச் சொன்னால் அந்த ஓட்டை வழியாகப் புகார் கீழே விழுந்துவிடும். கேபிள் எத்தனை மீட்டர், இன்றைக்குக் கடையில் என்ன விலை, ஸ்டார்ட்டர் என்ன விலை என்று தனித்தனியாக எழுதுங்கள். கூட்டி எழுத வேண்டாம், உண்மை விலையே போதும். ஆனால் காயலான் கடை விலையை எழுதாதீர்கள்.

நான்கு. வெட்டவெளியில் கிடந்த பொருள் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 303-ஆவது பிரிவு, மூன்று வருஷம் வரை தண்டனை. இதில் எப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்ய இடம் உண்டு. ஆனால் பொருளைப் பாதுகாக்கக் கட்டிய கட்டடத்தில் புகுந்து திருடினால் 305-ஆவது பிரிவு, ஏழு வருஷம் வரை தண்டனை. அதற்கு அந்த 14 நாள் கதையே கிடையாது. நம் மோட்டார் கொட்டகை பொருளைப் பாதுகாக்கிற கட்டடம்தானே? எனவே "பூட்டை உடைத்துக் கொட்டகைக்குள் புகுந்து எடுத்தார்கள்" என்ற உண்மையைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

ஐந்து. நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் நடவடிக்கை இல்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். வழக்குப் போட்ட பிறகு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

ஆறு. பிடிபட்ட மோட்டாரை நிலையத்து வாசலில் துருப்பிடிக்க விடக் கூடாது. போட்டோ எடுத்துக்கொண்டு சொந்தக்காரரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கலாம்.

வாங்குகிறவனைப் பிடி

தோழர்களே, காப்பரை யாரும் சோறாக்கித் தின்ன முடியாது. வாங்க ஆள் இருப்பதால்தான் திருடுகிறான். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் 317-ஆவது பிரிவில் மூன்று வருஷம் வரை தண்டனை. அதையே வழக்கமான தொழிலாகச் செய்தால் பத்து வருஷம், ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். ஆனால் அறுத்தவனைத் தேடுகிற அளவுக்கு வாங்கியவனைத் தேடுகிறார்களா?

ரயில்வேக்காரன் காப்பர் போனால் என்ன நடக்கிறது பாருங்கள். 1966-லேயே அதற்கென்று தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ரயில்வே பொருள் ஒருவரிடம் சந்தேகப்படும்படி அகப்பட்டால், நேர்மையாக வந்தது என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதைத் தேடிப் பிடிக்க ரயில்வே பாதுகாப்புப் படையே இருக்கிறது. தந்திக் கம்பிக்கு 1950-இல் சட்டம் போட்டார்கள். தந்திச் சேவையே நின்றுபோன பிறகு 2023-இல்தான் அதை எடுத்தார்கள். மின்வாரியத்தின் கம்பிக்கு 2003 மின்சாரச் சட்டத்தில் 136-ஆவது பிரிவு இருக்கிறது. ஊருக்குச் சோறு போடுகிறவனின் மோட்டாருக்குத் தனியாக என்ன இருக்கிறது?

வெளிநாட்டிலும் இந்தத் திருட்டு உண்டு. இங்கிலாந்தில் ரயில் கேபிளும் சர்ச் கூரை ஈயமும் திருடு போய்த் தாங்க முடியாமல் 2013-இல் பழைய உலோக வியாபாரிகளுக்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் கடை நடத்த முடியாது. விற்க வருகிறவனின் பெயர், முகவரியைச் சரிபார்க்க வேண்டும். ரொக்கமாகப் பணம் கொடுக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 2022 நவம்பரில் பழைய செம்பு ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள். துறைமுகத்தை வாசலில் வைத்திருக்கிற நம் பகுதியில் ஒரு ரிஜிஸ்டர் வைக்கச் சொல்வது அவ்வளவு பெரிய காரியமா?

கையை ஓங்காதீர்கள்

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆத்திரம் வரும், எனக்கும் வருகிறது. "போலீஸ் வராது, நாமே பிடித்துக் கட்டி வைப்போம்" என்று பேசுகிறீர்கள். 2018 மே மாதம் நம் பழவேற்காட்டில் நடந்ததை மறந்துவிட்டோமா? பிள்ளை பிடிக்கிறவன் என்ற வதந்தியை நம்பி ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். மோட்டார் போன அன்று வராத போலீஸ், அப்படி ஒன்று நடந்தால் ஒரு மணி நேரத்தில் வரும், ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். மொழி தெரியாதவர், ராத்திரி ஷிப்ட் முடித்து நடந்து வருகிறவர் எல்லாம் திருடர் அல்ல.

அதேபோல் கொட்டகையைச் சுற்றிக் கரண்ட் கம்பி கட்டாதீர்கள். முதலில் சாவது நம் வீட்டுப் பிள்ளையாகவோ மாடாகவோ இருக்கும். கொலைக் கேஸும் நம் தலையில்தான் விழும். கழனிக்கு ஒருவர் என்று முறை வைத்து, விசில், டார்ச்சோடு காவல் இருங்கள். மோட்டார் உடம்பில் பஞ்ச் வைத்து உங்கள் பெயரெழுத்தையும் மின் இணைப்பு எண்ணையும் அடித்து, செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பில்லைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள்.

நாம் கேட்பது

மோட்டார், கேபிள் திருட்டுப் புகார் ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே எப்.ஐ.ஆர். போட வேண்டும்.

மூன்று காவல் நிர்வாகமும் சேர்ந்து இதற்கென்று ஒரு தனிப்படை அமைக்க வேண்டும்.

பழைய உலோகக் கடைகளில் விற்பவர் விவரத்தோடு ரிஜிஸ்டர் வைக்க வேண்டும். செம்புக்கு ரொக்கம் கூடாது என்று அரசு சட்டம் கொண்டுவர வேண்டும்.

திருட்டில் மோட்டார் இழந்த சிறு, குறு விவசாயிக்கு அந்தப் பட்டம் முடிவதற்குள் மாற்று மோட்டார் வாங்க உதவித்தொகை தர வேண்டும்.

விவசாயி கேட்டால் கிடைக்காது என்று யாரும் சோர்ந்து போகாதீர்கள். மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19-ஆம் தேதி பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். நாராயணசாமி நாயுடு போன்றவர்கள் மாட்டு வண்டிகளைத் திரட்டிக் கோவையையே நிறுத்தினார்கள். அந்தப் போராட்டத்தின் பலன்தான் இன்றைக்கு நம் பம்புசெட்டுக்கு வருகிற இலவச மின்சாரம். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கரண்ட் கம்பத்தில் இருக்கிறது, அதை ஓட்ட மோட்டார் இல்லை என்றால் அது யாருக்கு லாபம்?

அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு, மோட்டாரோ கேபிளோ இழந்த ஒவ்வொருவரும் கையில் மனு ரசீதோடு கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். ரசீதுகூடக் கிடைக்காதவர்கள் ஒரு வெள்ளைத் தாளில் ஊர், தேதி, போன பொருள், விலை எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிளைத் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அத்தனையையும் ஒரே கட்டாக கலெக்டர் மேஜையில் வைத்து, இத்தனை திருட்டுக்கு எத்தனை எப்.ஐ.ஆர். என்று கேட்போம். பதில் வருகிற வரைக்கும் எழுந்து வர மாட்டோம்.

மனு ரசீது போதாது! எப்.ஐ.ஆர். போடு!

திருடியவனைப் பிடி! வாங்கியவனையும் பிடி!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!