கெரோபோக்கான் சிறையில் எடுத்த தூரிகை



சிறைச்சாலை என்று சொன்னாலே நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். உள்ளே போன பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டால், "வெளியூரில் வேலை செய்கிறான்" என்று சமாளிக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு தமிழ்த் தாய்க்கு அப்படி மறைக்கவும் வழியில்லாமல் போனது. அவருடைய மகனின் முகம் உலகத் தொலைக்காட்சிகளில் எல்லாம் வந்துவிட்டது. அந்த மகன், மயூரன் சுகுமாரன்.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1981-இல் லண்டனில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வளர்ந்தவர். 2005 ஏப்ரல் 17-ஆம் தேதி அவருக்கு 24-ஆவது பிறந்தநாள். அன்றைய தினம்தான் பாலித் தீவில் அவர் கைதானார். உடம்பில் ஹெராயினைக் கட்டி மறைத்துக்கொண்டு விமான நிலையம் போன நால்வர் அங்கே பிடிபட்டார்கள். மொத்தம் 8 கிலோவுக்கும் மேல்! மயூரன் கூத்தாவில் ஒரு ஹோட்டலில் அகப்பட்டார். மொத்தம் ஒன்பது பேர் கைதானார்கள். அவர்களை வழிநடத்தியவர்கள் என்று மயூரனுக்கும் ஆண்ட்ரூ சானுக்கும் 2006 பிப்ரவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

குற்றம் சிறியதல்ல. அந்தத் தூள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் எத்தனை வீடுகளில் ஒப்பாரி கேட்டிருக்கும்! அதைப் பூசி மெழுக வேண்டிய அவசியமில்லை. மயூரனே பின்னாளில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். நெரிசல் மிகுந்த கெரோபோக்கான் சிறையில், மரணத்தை எதிர்நோக்கி இருப்பவன் காலையில் எழுந்து என்ன செய்வான்? மயூரன் சக கைதிகளுக்கு ஆங்கிலமும் கணினியும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பிறகு தூரிகையைக் கையில் எடுத்தார். சிறைக்குள்ளேயே ஓர் ஓவியக்கூடம் உருவானது. மற்ற கைதிகளும் அங்கே வந்து வரையத் தொடங்கினார்கள்.

2012-இல் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஓவியர் பென் குவில்டியிடம் அவர் ஆலோசனை கேட்டார். மனித முகங்களை வரைவது எப்படி என்பதுதான் கேள்வி. குவில்டி சிறைக்கே வந்து சேர்ந்தார். உன் முகத்தையே பார்த்து வரை என்றார். இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள், நேயர்களே. கண்ணாடியில் தலை வாரிக்கொள்ள நமக்கு இரண்டு நிமிடம் போதும். தான் யார், என்ன செய்தோம் என்று தெரிந்த ஒருவன், மணிக்கணக்கில் தன் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எந்த நீதிமன்ற விசாரணையும் அத்தனை கடுமையாக இருந்திருக்காது. மயூரன் அதை மீண்டும் மீண்டும் செய்தார். எண்ணெய் வண்ணத்தை அள்ளித் தடிமனாக அப்பி வரைந்த அந்த முகங்களில் அழகுபடுத்தும் முயற்சி எதுவும் இல்லை.

சிறையிலிருந்தபடியே கர்ட்டின் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் படிப்பிலும் சேர்ந்தார். 2015 பிப்ரவரியில் இணைப் பட்டம் கிடைத்தது. ஆனால் அதற்குள் இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோ அவருடைய கருணை மனுவை நிராகரித்துவிட்டார். மயூரன் என்ன செய்தார் தெரியுமா? அதே அதிபரின் முகத்தை வரைந்தார். மனிதர்கள் மாற முடியும் என்று படத்தின் பின்புறத்தில் எழுதினார்.

மார்ச் மாதம் அவரையும் ஆண்ட்ரூ சானையும் நுசாகம்பாங்கான் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் வண்ணங்கள் கூடவே போயின. 72 மணி நேர அறிவிப்பு வந்த பிறகும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. நெஞ்சில் கருந்துளையோடு தம்மையே வரைந்தார். ரத்தம் வடியும் இந்தோனேசியக் கொடியை வரைந்தார். ஒரு இதயத்தை வரைந்து, மரணத்தை எதிர்நோக்கியிருந்த ஒன்பது பேரும் அதில் கையொப்பமிட்டார்கள். சிறையிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டபோது சில படங்களில் வண்ணம்கூடக் காயவில்லை.

அந்த ஒன்பது பேரில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த மேரி ஜேன் வெலோசோவுக்குக் கடைசி நேரத்தில் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. மற்ற எட்டுப் பேரும் 2015 ஏப்ரல் 29-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மயூரனுக்கு 34 வயது முடிந்து பன்னிரண்டே நாள்.

2017 ஜனவரியில் சிட்னிக்கு அருகே கேம்பல்டவுன் கலை மையத்தில், நூற்றுக்கும் அதிகமான அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2024 டிசம்பரில் மேரி ஜேன் தாய்நாடு திரும்பினார். மயூரனோடு 2005-இல் கைதானவர்களில் கடைசி வரை சிறையிலிருந்த ஐவரும் அதே மாதம் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள்.