நமக்காக வாதாடியது யார்?

பெங்களூரு ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஓடும் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் நிலையத்தின் பெயர் ‘இன்போசிஸ் பவுண்டேஷன் கோணப்பன அக்ரஹாரா’. இன்னும் கொஞ்சம் போனால் ‘பயோகான் ஹெப்பகோடி’. ஊர்ப் பெயருக்கு முன்னால் நிறுவனத்தின் பெயர். நிலையம் கட்டப் பணம் கொடுத்தார்கள், பெயரைப் பெற்றார்கள். ஊரறிய நடந்த ஒப்பந்தம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியின் நிர்வாகத்தைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1970களின் கடைசியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகா என்பவரின் முனைப்பில், கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு கிராமங்களில் 332 ஏக்கரில் இந்தத் தொழில் நகரத்தை உண்டாக்கியது. 2013 முதல் இதன் நிர்வாகம் எல்சிட்டா எனப்படும் தொழில் நகரிய ஆணையத்தின் கையில். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் இங்கே கிடையாது. தொழில் நிறுவனங்களின் பிரதிநிதிகளும் அரசு அதிகாரிகளும் கூடி முடிவெடுக்கிறார்கள். சாலைகள் நன்றாக இருக்கின்றன, விளக்குகள் எரிகின்றன. ஆனால் ஓசூரிலிருந்து விடிகாலைப் பேருந்தைப் பிடித்து வந்து இங்கே உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டத்தில் குரல் இல்லை.

அரசு உண்டு, நிறுவனம் உண்டு, குடிமக்கள் இல்லை. இந்தப் பத்தாண்டுகளில் இந்திய இணையத்துக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். பெங்களூரு சம்பந்தப்பட்ட இரண்டு பெரிய போராட்டங்களைச் சொல்கிறேன். ஒன்று நிறுவனங்களுக்கு எதிராக நடந்தது, அதில் வென்றோம். இன்னொன்று அரசின் உத்தரவுகளுக்கு எதிராக நடந்தது, அதில் தோல்வி. ஏன் ஒன்றில் வெற்றி, ஒன்றில் தோல்வி என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

முதலில் வெற்றி. 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைத்தது. 2015 மார்ச் 27 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 118 பக்கத்தில் ஓர் ஆவணத்தை வெளியிட்டு, இருபது கேள்விகள் கேட்டு, ஏப்ரல் 24-க்குள் பதில் எழுதச் சொன்னது. வாட்ஸ்அப், ஸ்கைப் போன்றவற்றுக்கு உரிமம் வேண்டுமா, தொலைபேசி நிறுவனங்கள் ஒரு தளத்துக்கு ஒரு விலை, இன்னொரு தளத்துக்கு வேறு விலை வைக்கலாமா என்பவை அதிலிருந்த கேள்விகளில் சில.

118 பக்க ஆங்கில ஆவணத்தை யார் படிப்பார்கள்? படித்தார்கள். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், மென்பொருள் எழுதுபவர்கள் கூடி, இருபது கேள்விக்கும் எளிய பதில்களைத் தயாரித்து, யாரும் தன் பெயரில் திருத்தி அனுப்பும்படி வைத்தார்கள். அவர்களில் டெல்லியின் நிகில் பாவா உண்டு, பெங்களூருவின் கிரண் ஜொன்னலகட்டா உண்டு. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் பெங்களூருத் தெருவில் பதாகை பிடித்து நின்றார்கள். டிராய்க்குப் போன மின்னஞ்சல்கள் பத்து லட்சத்தைத் தாண்டின.

அதே ஏப்ரலில் ‘ஏர்டெல் ஜீரோ’ என்றொரு திட்டம் வந்தது. ஒரு நிறுவனம் ஏர்டெலுக்குப் பணம் கட்டிவிட்டால், அதன் செயலியை நாம் டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம். கேட்க இனிக்கும். ஆனால் சந்தைக்குப் போகும் சாலையில் எல்லா வண்டிக்கும் சுங்கம் வாங்கிக்கொண்டு, பணக்கார வியாபாரியின் வண்டியை மட்டும் சும்மா விட்டால், கூடையோடு வரும் சிறு வியாபாரியின் கதி என்ன? பெங்களூருவில் பிறந்து வளர்ந்த பிளிப்கார்ட் இந்தத் திட்டத்தில் சேரப் பேசிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் அதன் செயலிக்கு வரிசையாக ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். ஏப்ரல் 14 அன்று பிளிப்கார்ட் விலகிக்கொண்டது.

இதைவிடப் பெரிய எதிராளி பேஸ்புக். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து சில மாநிலங்களில் ஓர் இலவச இணையச் சேவையைத் தொடங்கியது. தமிழ்நாடும் அதில் ஒன்று, தமிழிலும் கிடைத்தது. பிறகு அதற்கு ‘ப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். இலவசமாகத் திறந்தவை முப்பதுக்குச் சற்று மேற்பட்ட தளங்கள். எவை என்பதற்கான விதிகளை வகுத்தது பேஸ்புக். டிராய் இரண்டாவது முறை கருத்துக் கேட்டபோது, அந்த நிறுவனம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது, நகரெங்கும் பலகைகள் வைத்தது, தன் பயனர்களின் திரையிலேயே ஒரு பொத்தானைக் காட்டி, அதை அழுத்தினால் டிராய்க்கு ஆதரவுக் கடிதம் போகும்படி செய்தது. கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கடிதங்களில் பதிலே இல்லை என்று டிராய் வெளிப்படையாகச் சொன்னது. ஐஐடி, இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் எதிர்த்து அறிக்கை விட்டார்கள். இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நீலேகணியே எதிர்த்து எழுதினார்.

ஏழைக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்று அன்று நல்ல மனத்தோடு கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் ஏழைக்கு எந்த ஜன்னல் திறக்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு நிறுவனம் முடிவு செய்வதை என்னால் ஏற்க முடிந்ததில்லை. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், தளத்துக்குத் தளம் வேறு விலை வைப்பதைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது, போட்டியில் டேட்டா விலை சரிந்தது, ஏழைக்கு முழு இணையமும் கிடைத்தது.

இனி தோல்வியின் கதை. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வடக்கே, விதான சௌதாவுக்கு எதிரே, சிவப்புக் கட்டடத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் இருக்கிறது. 2022 ஜூலையில் ட்விட்டர் நிறுவனம் இங்கே மனுப் போட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி, 2021 பிப்ரவரி முதல் ஓராண்டில் மத்திய அரசு பிறப்பித்த உத்தரவுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லின. விவசாயிகள் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த உத்தரவுகளில் 39 இணைய முகவரிகளை முடக்கச் சொன்னதை ட்விட்டர் எதிர்த்தது. 2023 ஜூன் 30 அன்று நீதிபதி கிருஷ்ண எஸ். தீட்சித் மனுவைத் தள்ளுபடி செய்து, உத்தரவுகளை நிறைவேற்றாமல் இழுத்தடித்ததற்காக 50 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார். இணையத்தைக் கூறுபோடும் நிறுவனத்துக்கு டிராய் வைத்த உச்ச அபராதமும், அரசு உத்தரவை எதிர்த்துத் தோற்ற நிறுவனத்துக்கு நீதிமன்றம் வைத்த தொகையும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் மனத்தில் உறுத்துகிறது.

அடுத்த வழக்கு 2025 மார்ச்சில். இப்போது நிறுவனத்தின் பெயர் எக்ஸ். எதிர்த்தது ‘சஹ்யோக்’ என்ற தளத்தை. உள்துறை அமைச்சகம் 2024 அக்டோபரில் தொடங்கியது இது. 69ஏ பிரிவில் எழுத்துப்பூர்வமான காரணம் வேண்டும், ஒரு குழு பார்க்க வேண்டும் என்று சில வரம்புகள் உண்டு. அந்த வரம்புகள் இருப்பதால்தான் 2015-இல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம், புண்படுத்தும் இணையப் பதிவுகளைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்தபோதும் 69ஏ-வை விட்டுவைத்தது. சஹ்யோக் வேறொரு பிரிவின்படி, 79(3)(பி)-யின்படி இயங்குகிறது. அதிகாரம் பெற்ற துறை அதிகாரியோ காவல்துறை அதிகாரியோ ஒரு பதிவை நீக்கச் சொல்லி அறிவிப்பு அனுப்பலாம். நீக்காத நிறுவனம், பிறர் எழுதும் பதிவுகளுக்குத் தான் பொறுப்பில்லை என்ற சட்டப் பாதுகாப்பை இழக்கும். டெல்லி ரயில் நிலைய நெரிசலில் மக்கள் இறந்தபோது அந்தக் காட்சிகளை நீக்கச் சொல்லி ரயில்வே அனுப்பிய உத்தரவை எக்ஸ் எடுத்துக்காட்டாகக் காட்டியது.

2025 செப்டம்பர் 24 அன்று நீதிபதி எம். நாகபிரசன்னா அந்த மனுவையும் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றை நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தரும் பேச்சுச் சுதந்திரம் குடிமக்களுக்கு உரியது; வெளிநாட்டு நிறுவனம் அதைக் கோர முடியாது. முந்தைய தீர்ப்பும் இதையே சொன்னது.

நீதிபதிகளைக் கடிந்துகொண்டு நகர்ந்துவிடலாம். ஆனால் 19-ஆவது பிரிவு குடிமக்கள் என்றுதான் சொல்கிறது. அப்படியானால் கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. முடக்கப்பட்ட கணக்குகளின் சொந்தக்காரர்கள் எங்கே? அவர்களுடைய உரிமையைப் பேச ஏன் ஒரு நிறுவனம் வந்தது? அந்த நிறுவனமும் எந்தப் பதிவை எத்தனை பேர் பார்க்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிறது, அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்வதில்லை. லாபம் வந்தால் வழக்காடும், வராவிட்டால் பணிந்துபோகும். அதனிடம் நம் வாயை ஒப்படைத்தது சரியா?

ஒப்படைத்தோம் என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. 2015-இல் கேள்விகள் வெளிப்படையாக வந்தன, தேதி இருந்தது, முகவரி இருந்தது. எவரும் எழுத முடிந்தது. முடக்கும் உத்தரவுகள் அப்படி வருவதில்லை. 69ஏ பிரிவுக்கான 2009-ஆம் ஆண்டின் விதிகளில் 16-ஆவது விதி அவற்றை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. எழுதியவருக்குத் தெரிவிக்க முயல வேண்டும் என்று 8-ஆவது விதி சொன்னாலும், பலருக்குத் தெரிவதில்லை. சட்டப்படியான கோரிக்கையால் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டது என்று ஒரு வரி திரையில் வரும், அவ்வளவுதான். என்ன குற்றம் என்று தெரியாதவர் எதை எதிர்த்து வாதாடுவார்? எனக்கு இதில் கோபம் உண்டு. பதிவை நீக்குவதைவிட, ஏன் நீக்கினோம் என்பதை மறைப்பது பெரிய அநியாயம்.

இருந்தும் சிலர் கதவைத் தட்டினார்கள். வரதட்சணையைக் கேலி செய்யும் ‘டவுரி கால்குலேட்டர்’ என்ற தளத்தை 2018-இல் முடக்கினார்கள். அதை உருவாக்கியவர் தானே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உத்தரவின் நகலை அவருக்குக் கொடுத்து, அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று 2022 மே மாதம் நீதிமன்றம் சொன்னது.

2025 பிப்ரவரி 15 மாலை விகடன் தளம் பலருக்குத் திறக்காமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். கையில் விலங்கோடு பிரதமர், பக்கத்தில் அமெரிக்க அதிபர் டிரம்ப். அந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக, 1926-இல் தொடங்கிய பத்திரிகையின் தளம் முழுவதையும் மூடினார்கள். விகடன் சென்னை உயர் நீதிமன்றம் போனது. கேலிச்சித்திரப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்தால் தடையை நீக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று உத்தரவு வந்தது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் தளம் திறந்தது.

இந்த வரிசையில் முதலில் வைக்க வேண்டியவர் நீதிபதி கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஓய்வு பெற்று பெங்களூருவில் வாழ்ந்தவர். நீலேகணி தலைமையில் உருவான ஆதார் திட்டத்தை எதிர்த்து, 2012-இல், தம் 86-ஆவது வயதில், சொந்தப் பெயரில் உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 98 வயதில், 2024 அக்டோபரில் அவர் மறைந்தார். அவருக்குப் பின்னால் நிறுவனம் எதுவும் இல்லை.

ஆகவே நேயர்களே, உங்கள் பதிவோ தளமோ ஒரு நாள் காணாமல் போனால் என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறேன். வேறு நிறுவனத்தின் இணைப்பில் திறந்து பாருங்கள். எல்லா நிறுவனமும் ஒரே பட்டியலை முடக்குவதில்லை என்பதை பெங்களூருவின் இணையம் மற்றும் சமூக மையத்தின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். திரையில் வந்த அறிவிப்பைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தளத்தார் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். உத்தரவின் நகலும் விசாரணையும் கேட்டு, டவுரி கால்குலேட்டர் வழக்கைக் குறிப்பிட்டு, மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு எழுதுங்கள். அவசர முடக்கம் என்றால் 48 மணி நேரத்தில் குழுவின் முன் அது வந்திருக்க வேண்டும். வந்ததா என்று கேளுங்கள். 79(3)(பி) அறிவிப்பு என்றால், அனுப்பியவரின் பதவியைக் கேளுங்கள்: 2025 நவம்பர் 15 முதல், இணைச் செயலாளருக்கோ, அந்தப் பதவி இல்லாத இடத்தில் இயக்குநருக்கோ குறையாத அதிகாரியோ, காவல்துறையில் தனி அதிகாரம் பெற்ற டிஐஜி நிலைக்குக் குறையாதவரோதான் அனுப்பலாம்.

பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றம். வழக்குக்கான காரணம் எழுந்த இடத்து நீதிமன்றத்தை அணுக அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஓசூரில் இருப்பவர் சென்னைக்குப் போகலாம். அத்திப்பள்ளியைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவர் பெங்களூருவிலேயே மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கொடுப்பார்கள்.