கேட்ட பாட்டும் கண்ட காட்சியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னிடம் கேட்டது சங்க அகப்பாடல்கள் பற்றிய உரை. நான் தருவதாக ஒப்புக்கொண்டதும் அதுவே. ஆயினும் பத்தாண்டு நிறைவு என்பது கொஞ்சம் உண்மை பேசுவதற்குரிய நாள் என்று எனக்குத் தோன்றிற்று. ஆகவே திரைப்பாடல்களைப் பற்றியும், அவை படமாக்கப்பட்ட அழகைப் பற்றியும் பேச விழைகிறேன். ஆய்வாளராக அன்று, இரசிகையாக. திரைப்பாட்டு கவிதையாகுமா என்று இவ்வட்டத்தில் காரசாரமாக விவாதம் நடந்த நாளில் நான் வாய் திறக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் என் மேசைமேல் இளம்பூரணரும் பேராசிரியரும் இருந்தார்கள். மேசை இழுப்பறைக்குள் ஒலிநாடாக்கள் இருந்தன. இரண்டையும் யாரும் ஒருசேரப் பார்த்துவிடக் கூடாது என்பதில் நான் காட்டிய கவனத்தை ஆய்வேட்டில் காட்டியிருந்தால் அது இன்னும் சற்றுச் சிறந்திருக்கும்.

என் அம்மா மன்னார்குடியை அடுத்து, பாமணியாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். திருமணத்திற்கு முன் அவர் பார்த்த திரைப்படங்களை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இலங்கை வானொலியில் கேட்ட பாடல்களுக்கோ கணக்கில்லை. படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர் சொல்வதையும் பாட்டின் ஓர் உறுப்பாகவே அவர் மனத்தில் பதித்துக்கொண்டார். இன்றும் அடுக்களையில் ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்குமுன் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்.

நான் வளர்ந்தது வேறு காலம். சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கிற்று. அது எங்கள் தெருவுக்கு வந்து சேர 1980களின் பிற்பகுதி ஆயிற்று. வெள்ளிக்கிழமை மாலை 'ஒலியும் ஒளியும்' பார்க்க எதிர்வீட்டுக் கூடத்தில் முப்பது பேராவது உட்கார்ந்திருப்போம். முன்வரிசை அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு. மற்றவர்கள் எட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஆக, அம்மா பாட்டைக் காதால் மட்டும் பெற்றவர். நான் கண்ணாலும் காதாலும் ஒருசேரப் பெற்றவள். இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் விளங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குக் கண் நீர் அழுத்த நோய் இருப்பது தெரியவந்தது. அது ஓசைப்படாமல் வரும் நோய். முதலில் ஓரப் பார்வையைக் களவாடும். நடுப்பார்வை நெடுநாள் நின்றுவிடுவதால் இழப்பு தெரிவதில்லை. தெரியும்போது போனது போனதுதான். மருந்து, அறுவை எல்லாம் எஞ்சியதைக் காப்பதற்கே. அம்மாவுக்கு எஞ்சியது வெளிச்சமும் நிழலுமே. பகலில் அவருக்கு வானொலி போதும். இரவில் நான் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பழைய பாடல்களைப் பார்க்கும்போது அருகில் வந்து அமர்வார். "என்ன நடக்குது, சொல்லு பாப்பா" என்பார்.

அவ்வாறுதான் நான் பாடற்காட்சிகளைச் சொல்லத் தொடங்கினேன். கவிஞர்களே, நீங்களும் ஒருமுறை முயன்று பாருங்கள். மூன்று அல்லது நான்கு நிமிடம். பாட்டின் சொற்களை மறைக்காமல் இசையின் இடைவெளிகளில் மட்டும் பேச வேண்டும். அப்போது தெரியும், எந்தக் காட்சியில் பொருள் இருக்கிறது, எதில் துணிமணி மட்டும் இருக்கிறது என்பது. பனிமலைக் காட்சி ஒன்றை ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். "மலை. பனி. நீலச் சேலை. மறுபடியும் மலை. சிவப்புச் சேலை..." அம்மா இடைமறித்தார். "அந்தக் குளிர்ல எங்கடி போய் மாத்திக்கிறா?" அதற்குமேல் என்னால் சொல்ல இயலவில்லை, இருவரும் சிரித்து ஓய்வதற்குள் பாட்டே முடிந்துவிட்டது.

ஆனால் 'ஜானி'யைச் சொன்ன இரவு வேறு. மகேந்திரன் இயக்கி 1980இல் வெளிவந்த படம். அதன் இறுதிப் பகுதியில் பாடகியாக வரும் ஸ்ரீதேவி திறந்தவெளி மேடையில் பாடுவார். கங்கை அமரன் எழுதி, இளையராஜா இசையமைத்து, ஜானகி பாடியது. அந்தப் பாடலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொன்னால் இந்த அவை நம்பாது. அதைச் சொல்வதற்கு எனக்கு மிகச் சில சொற்களே தேவைப்பட்டன. "மழை பெய்யுது. கூட்டம் போயிடுச்சு. அவ மட்டும் நின்னு பாடுறா." அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கூட்டம் போயிடுச்சுன்னா, யாருக்குப் பாடுறா?" என்றார். வகுப்பறையில் அகப்பாடல்களுக்குக் கேட்போர் யார், கூற்று யாரை நோக்கியது என்று இருபதாண்டுகளாக நான் கேட்டுவரும் வினா அது. என்னிடம் பயின்றவர்களில் எவரும் அதை அந்தக் குரலில் கேட்டதில்லை.

அகப்பாடல் என்றவுடன் 'தில்லானா மோகனாம்பாள்' நினைவுக்கு வருகிறது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை, ஏ.பி. நாகராசன் 1968இல் படமாக்கினார். கண்ணதாசன் எழுத, கே.வி. மகாதேவன் இசையில் சுசீலா பாடிய பாட்டுக்குப் பத்மினி ஆடுகிறார். ஊடல் கொண்ட நாதசுரக் கலைஞன் மறைந்து நின்று பார்க்கிறான். அவன் அங்கிருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே அபிநயம் பிடிக்கிறாள். தலைவன் சிறைப்புறத்தானாக நிற்க, அவன் கேட்கும்படி தலைவியோ தோழியோ பிறரிடம் பேசுவதாக அமைந்த துறைக் குறிப்புகளை நாம் எத்தனை படித்திருக்கிறோம்! கரும்பலகையில் எழுதி விளக்கியும் புரியாத மாணவியரிடம் இந்த ஆடலை நினைவூட்டினால் போதும். சிறைப்புறம் என்ற சொல்லை அவர்கள் பின்னர் மறப்பதேயில்லை. இதை இன்றுவரை துறைத் தலைவரிடம் நான் சொன்னதில்லை.

தொல்காப்பியர் செய்யுளுறுப்புகள் முப்பத்து நான்கனுள் 'நோக்கு' என்பதையும் ஒன்றாக வைத்தார். பாட்டைக் கேட்பவன் ஓரிடத்தில் நின்று மீண்டும் நோக்கும்படி அமைவது என்று அதனை நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். ஒளிப்பதிவாளனின் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் வேறு உண்டோ? சொல்ல முடிந்த காட்சிகளில் எல்லாம் அந்த நோக்கு இருந்தது. மிகுதி ஆட்டமும் ஓட்டமும் உள்ளதால் மட்டும் ஒரு காட்சியை ஒதுக்கிவிடவும் முடியாது. 1998இல் வந்த 'உயிரே' படத்தில் நீலகிரி மலைத்தொடர்வண்டியின் கூரைமேல் ஒரு கூட்டமே ஆடுகிறது. இரைச்சலான பாட்டு என்று அம்மா முகம் சுளிப்பார் என்று எண்ணினேன். ஓடும் வண்டி, மேலே ஆட்டம், கீழே பள்ளத்தாக்கு என்று சொன்னதும் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். பாட்டு முடிந்தபின், "எறங்கிட்டாங்களா?" என்றார்.

இத்தனையும் வைத்து, சொற்களால் சொல்ல இயலும் காட்சியே சிறந்த காட்சி என்று ஒரு கொள்கையை நான் வகுத்துக்கொண்டேன். கட்டுரையாக எழுதவும் தொடங்கினேன். அதைக் குலைத்தவரும் அம்மாவே.

'நெஞ்சில் ஓர் ஆலயம்' உங்களில் பலருக்கு மனப்பாடம். ஸ்ரீதர் இயக்கத்தில் 1962இல் வந்தது. பெரும்பகுதி ஒரே மருத்துவமனை அரங்கத்தில் நிகழும் கதை. பிழைப்போமோ என்று ஐயுறும் கணவன், தான் இறந்தால் மறுமணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அச்சொல் தைத்த புண்ணோடு அவள் பாடுகிறாள். கண்ணதாசன் பாட்டு, விசுவநாதன் ராமமூர்த்தி இசை, சுசீலாவின் குரல். முத்துராமன் கட்டிலில்; தேவிகா அருகில். வின்சென்ட்டின் ஒளிப்பதிவுக் கருவி அந்தக் கட்டிலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் செல்லும். எனக்குத் தெரிந்தவரை தமிழ்ப் பாடற்காட்சிகளில் நோக்கு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அன்று நான் மிக நன்றாகச் சொன்னேன் என்பது என் எண்ணம். மருத்துவமனை அறை, வெள்ளைச் சுவர், கட்டிலடி இருட்டு, எதையும் விடவில்லை.

பாட்டு முடிந்தது. அம்மா முகத்தில் ஒரு வருத்தம்.

"ஆஸ்பத்திரியா? நான் இத்தனை வருஷமா அவ ஆத்தங்கரையில நின்னு பாடுறதா இல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"எந்த ஆறும்மா?"

"நம்ம ஆறுதான். படித்துறையில கடைசிப் படி. தண்ணி கொறஞ்சு மணல் தெரியுற மாசம். அந்தப் புருஷன் அக்கரையில நிக்கிறான். அவனுக்குக் கேக்குதோ என்னவோ."

எனக்கு நாக் குழறிற்று. இதோ முதற்பொருள், இதோ கருப்பொருள். நிலமும் பொழுதும் நீரும் மணலும் வழுவாமல் அமைந்திருக்கின்றன. ஒரு வானொலிப் பெட்டியும் பதினைந்து வயதுச் சிறுமியும் சேர்ந்து படைத்த காட்சி அது. அதன்மேல் நான் ஒரு மருத்துவமனையைக் கட்டிவிட்டேன். கண்ணொளி போனபின்னும் அவரிடம் எஞ்சியிருந்த சில காட்சிகளுள் ஒன்றை, உதவி செய்வதாக எண்ணி, அழித்துவிட்டேனோ என்று அஞ்சினேன். மன்னிப்புக் கேட்டேன். அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ சொன்னதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னோடத நானே வச்சுக்குறேன்."

கட்டுரையை நான் முடிக்கவில்லை. இப்போதெல்லாம் பாட்டின் தொடக்க இசை கேட்டவுடன், "இதைச் சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். சிலவற்றுக்கு அம்மா வேண்டாம் என்கிறார். அப்போது நானும் திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்கிறேன். சிறு வயதிலேயே காட்சியோடு பெற்ற பாடல்களில் எனக்கென்று ஓர் ஆறு தோன்றுவதில்லை; நடிகர்களின் முகங்களே வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு முயன்றுகொண்டிருக்கிறேன்.

இவ்விழாவுக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு, 'ஜானி'யை மறுபடி சொல்லச் சொன்னார். மழையிலிருந்து தொடங்கினேன்.